கெட்டித் தரை

— எந்திரிக்கா. லாரி வந்து நிக்குது.

— நிக்கட்டும். நான் உட்காந்திருக்கேன்ல, அது நிக்கட்டும்.

— அது காங்கிரீட் லாரிக்கா, தண்ணி லாரி இல்ல. வயித்துக்குள்ள வெச்சுச் சுத்திக்கிட்டே இருக்கணும். நேரம் போச்சுன்னா உள்ளேயே கல்லாப் போயிடும்.

— போகட்டுமே. இந்தக் குழியில விழுந்து கல்லாகுறதுக்கு லாரிக்குள்ளேயே கல்லாகலாம். நஷ்டம் லாரியோட போயிடும்.

— மேஸ்திரி, நீங்களாச்சும் வந்து சொல்லுங்களேன். அஸ்திவாரக் குழிக்குள்ள இறங்கி, கல்யாண வீட்டுப் பந்தியில உட்கார்ற மாதிரி சம்மணம் போட்டு உட்காந்திருக்கா. எந்திரிக்க மாட்டேங்குறா.

— அம்மா, நான் பொதுவா சொல்றேன், கம்பி கட்டின குழிக்குள்ள உட்காரக் கூடாது. முனை எல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. சேலை கிழியும். மேல வந்து பேசுங்க.

— சேலை கிழிஞ்சா தெச்சுக்குவேன் மேஸ்திரி. நீங்க ஊத்துறது கிழிஞ்சா எதை வெச்சுத் தெப்பீங்க?

— அது ஏம்மா கிழியப் போகுது?

— அதைக் கேளுங்க! காலையில பஸ்ஸை விட்டு இறங்கினா. கையில இருந்த பையைக் கூட உள்ள வெக்கல. நேரா வந்தா, எட்டிப் பாத்தா, பொத்துன்னு இறங்கிட்டா. ஏன் எதுக்குன்னு ஒரு பேச்சு கிடையாது.

— பேச்சு நீ என்கிட்ட வெச்சுக்கிட்டியாடா? நான் பள்ளிக்கூடத்துக்குக் கதவு மாட்டப் போறப்ப என்ன சொன்ன? "கொட்டகைக்கு எடம் இன்னும் முடிவு பண்ணலக்கா, நீ வா, பாத்துக்கலாம்"ன்ன. சரி, வந்து பாத்துக்கலாம்னுதான் நானும் போனேன். வந்து பாத்தா குழி வெட்டியாச்சு, கம்பி கட்டியாச்சு, போல்ட்டு எல்லாம் வரிசையா நட்டாச்சு, லாரி வேற வாசல்ல. நான் இன்னும் ஒரு பஸ்ஸு விட்டிருந்தா திறப்பு விழாவே முடிஞ்சிருக்கும்.

— மழை வருதுக்கா. போன மழையில தகரக் கூரை பிச்சுக்கிட்டுப் போயி, தேக்கு அத்தனையும் நனைஞ்சு முறுக்கிக்கிட்டுப் போனது மறந்துடுச்சா? விடிஞ்சு பாத்தா ஒரு பலகை நேரா இல்ல. அந்த மாதிரி இன்னொரு தடவை ஆகக் கூடாதுன்னுதான் அவசர அவசரமா செஞ்சேன். இந்தப் பட்டறைக்கு நானும் பாதி ஆளு.

— யாரு இல்லன்னா? இரும்பு வளைவுக் கொட்டகை வாங்கலாம்னு நீ சொன்னப்ப முதல்ல தலையாட்டினது யாரு? நான்தான். நல்ல யோசனை, நல்ல தகடு. நடுவுல ஒரு தூண் கிடையாது, பலகையை எந்தப் பக்கம் வேணாலும் திருப்பலாம். எல்லாம் சரி. வெச்ச எடம்தான் தப்பு.

— எடத்துக்கு என்ன?

— எடமே இல்லைங்கிறேன். நான் உட்காந்திருக்கிற எடத்துக்குக் கீழ மண்ணு இருக்குன்னு நீ நினைக்கிற. மண்ணு கொஞ்சம். அதுக்குக் கீழ பூரா மரத்தூள்.

— ஆரம்பிச்சிட்டா.

— நீ கேக்க வேண்டாம் போ. மேஸ்திரி, நீங்க கேளுங்க. எங்க அப்பா இங்க ரம்பப் பட்டறை போடுறதுக்கு முன்னாடி இது செங்கல் சூளை. மண்ணை வெட்டி வெட்டி எடுத்து, இந்தப் பக்கம் பூரா பெரிய பள்ளம். அப்பா வந்தாரு. தினமும் அறுக்கறப்ப கொட்டுற தூளை எங்க போடுறது? பள்ளம்தான் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கே, அதுக்குள்ள போட்டோம். வருஷக் கணக்கா போட்டோம். தள்ளுவண்டியில தள்ளிக்கிட்டு வந்து கவுத்தது நானு. இவன் அப்ப அம்மா இடுப்புல உட்காந்துக்கிட்டு மூக்கு ஒழுக வேடிக்கை பாத்தான்.

— நான் பொதுவா சொல்றேம்மா, எல்லாப் பட்டறையிலயும் ஒரு குழி இருக்கும். அது எந்த எடம்னு இவ்வளவு நாள் கழிச்சு எப்படி...

— வண்டி தள்ளினவளுக்குத் தெரியும் மேஸ்திரி. அந்தப் பக்கத்துல ஒரு ஏத்தம், அதுல வண்டி மக்கர் பண்ணும், இந்தச் சுவரு ஓரம் வந்ததும் தானா ஓடும். பாரம் கையை விட்டுப் போற எடம் மறக்குமா?

— சரிக்கா, தூள் கொட்டினீங்க. ஒத்துக்கிறேன். அதுக்கு மேல எத்தனை வருஷம் மரத்தை அடுக்கி வெச்சிருந்தோம்? லாரி லாரியா மரம். அமுங்கி இறுகிப் போயிருக்கும். மேஸ்திரி ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு வெட்டல. தரையில கம்பி அடிச்சு ஆழம் பாத்துட்டுத்தான் வெட்டினாரு.

— வாஸ்தவம்மா. அடிச்சுப் பாத்தேன். இடுப்பாழம் போச்சு, அப்புறம் நின்னுடுச்சு. சம்மட்டியால போட்டோம், அசையல. கீழ பாறை, இல்லன்னா இறுகின மண்ணு. அதை நம்பித்தான் ஊத்தப் போறோம். கொட்டகையோட இன்னொரு காலுக்கு அந்தப் பக்கம் வெட்டின குழியும் பாத்தாச்சு, அது பள்ளத்துக்குக் கரை, சுத்தமான மண்ணு.

— அப்ப ஒரு காலு கரையில, ஒரு காலு பள்ளத்துல.

— ஐயோ, அக்கா! வெறும் தகடுக்கா அது. ஒரு தகட்டை ரெண்டு பேரு தூக்கிக்கிட்டு நடக்கலாம். என்ன பெரிய பாரம்? மாடி வீடா கட்டுறோம்?

— பாரம் இல்லாததுதான்டா ஆபத்து. மாடி வீடு தன் கனத்துல குந்திக்கிட்டு இருக்கும். இது குடை. காத்து உள்ள பூந்தா தூக்கும். கீழ பிடிச்சு இழுக்கறது எது? இந்தக் குழியில இருக்கிற காங்கிரீட்டு மட்டும்தான். சொல்லுங்க மேஸ்திரி, நான் தப்பாச் சொல்றேனா?

— வாஸ்தவம்தான்.

— வளைவுன்னா என்ன? ஈரத் தரையில காலை அகட்டி நிக்கிற ஆளு. மேல கனம் ஏற ஏற காலு ரெண்டும் வெளிப்பக்கம் வழுக்கப் பாக்கும். காலை வழுக்க விடாம பிடிக்கணும். ஒரு காலு பிடிக்குது, இன்னொரு காலு தூளுக்குள்ள இறங்குதுன்னா என்ன ஆகும்? முறுக்கும். போல்ட்டு ஒவ்வொண்ணா தெறிக்கும். அப்ப உள்ள யாரு இருப்பா? பலகைக்கு நடுவுல நின்னுக்கிட்டு அளவு எடுத்துக்கிட்டு நீ இருப்ப.

— அது தெறிக்காது.

— ஏன், நீ சொல்லிட்டியா அதுகிட்ட?

— அக்கா, உனக்குக் கோபம் தூள் மேல இல்ல. என் மேல. நான் ஒரு முடிவெடுத்தேன் பாரு, அது பொறுக்கல. முக்காலி செய்யணும்னாலும் உன்னைக் கேக்கணும், ஆணி வாங்கணும்னாலும் உன்னைக் கேக்கணும். இங்க வந்த நாள்லேர்ந்து உன் ராஜ்ஜியம்தான்.

— எங்கேர்ந்து வந்த நாள்லேர்ந்து?

— விடு.

— விட மாட்டேன். நல்லாச் சொல்லு. மேஸ்திரிக்கும் தெரியட்டும், லாரிக்காரருக்கும் கேக்கட்டும். புருஷன் வீட்லேர்ந்து ஒரு பெட்டியோட வந்தவ நானு. வெளிய போன்னாங்க, வந்தேன். வந்த மறுநாள் உளியைக் கையில எடுத்தேன். அன்னைலேர்ந்து ஒரு வேளைச் சோறு ஓசியில தின்னதில்ல. இந்த முற்றத்துல ஒரு ரூம்லதான் படுக்குறேன், இந்த முற்றத்துலதான் எந்திரிக்கிறேன். ராஜ்ஜியமாம் ராஜ்ஜியம். ஆமாடா, ராஜ்ஜியம்தான். இப்ப என்னங்கிற?

— நான் அதைச் சொல்ல வரலக்கா.

— எதைச் சொல்ல வந்தியோ அதைச் சொல்லிட்டுப் போ. நான் நகர மாட்டேன்.

— நான் பொதுவா சொல்றேன், அக்கா தம்பி சண்டைன்னா...

— நீங்க பொதுவாவும் சொல்ல வேண்டாம், தனியாவும் சொல்ல வேண்டாம் மேஸ்திரி. அந்தக் கம்பியும் சம்மட்டியும் எங்க? கொண்டாங்க. என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை அடிங்க.

— அடிக்கக் கூடாது. நேரமாச்சு. மேஸ்திரி, லாரியைப் பின்னாடி எடுக்கச் சொல்லுங்க. குழாயை இந்த ஓரத்துல இறக்கினா, காலுல காங்கிரீட்டு பட்டதும் தானா எந்திரிப்பா.

— எந்திரிக்க மாட்டேன்டா. ஊத்து. கழுத்து வரைக்கும் ஊத்து. கொட்டகைக்கு ஒரு தூண் கிடையாதுன்னு சொன்னேன்ல, தூணா நானே நிக்கிறேன். வர்றவங்க கிட்ட காட்டு, "இது எங்க அக்கா, எடம் தப்புன்னு சொல்லிக்கிட்டே இருந்தா"ன்னு.

— ஐயையோ, என்னம்மா பேச்சு இது! தம்பி, அம்மா உள்ள இருக்கிறப்ப ஒரு சொட்டு கூட நான் விட மாட்டேன். அடிச்சுக் காட்டிடுறேன், ஒரு நிமிஷ வேலை. அவங்க மனசும் ஆறும், நாமளும் ஊத்தலாம். எங்க அடிக்கணும்மா?

— இந்தா, என் முட்டிக்குப் பக்கத்துல.

— கொஞ்சம் தள்ளி உட்காருங்க. சம்மட்டி குறி தப்பிச்சுன்னா வம்பு.

— நீங்க குறி தப்பாம அடிங்க. நான் நகர்ந்தா அந்தச் சாக்குல இவன் லாரியைக் கூப்பிட்டுருவான். எனக்குத் தெரியாதா இவனை?

— சரி, பிடிச்சுக்கோங்க தம்பி, கம்பியை நேரா. ...ஹும். ...ஹும். போகுது பாருங்க, மேல மண்ணு, லேசாப் போகுது. ...ஹும். ...இந்தா! நின்னுடுச்சு. அன்னைக்கு எங்க நின்னுச்சோ அதே ஆழம். பாத்தீங்களாம்மா?

— பாத்தியாக்கா? பாறை. திருப்தியா? கையைக் கொடு, தூக்கி விடுறேன்.

— கையை உன் சட்டைப் பையில வெச்சுக்கோ. மேஸ்திரி, இன்னொண்ணு போடுங்க. ஓங்கிப் போடுங்க. டேய், வாயை மூடிக்கிட்டுக் காதைத் திற.

— ஹும்!

— என்ன கேட்டுச்சு?

— சம்மட்டி.

— மேல சம்மட்டி. கீழ?

— கீழ என்ன... சத்தம்.

— என்ன சத்தம்டா? மரத்துக்குள்ள பொறந்து மரத்துக்குள்ள வளந்தவன் நீ. பலகையைத் தட்டிப் பாத்தே உள்ள பூச்சி இருக்கா இல்லையான்னு சொல்றவன். இப்ப மட்டும் காது அடைச்சுக்கிச்சா? கல்லுல இரும்பு பட்டா ணங்குன்னு திருப்பிக் கொடுக்கும், பிடிச்ச கை அதிரும். உன் கை அதிர்ந்துச்சா?

— இல்ல.

— டொக்குன்னு வாங்கி உள்ள வெச்சுக்கிச்சு. மேஸ்திரி, கம்பியை இப்ப மேல இழுங்க.

— இழுக்கிறேன்... வரலையே. கவ்வியிருக்கு.

— பாறை கவ்வுமா? பாறைக்கு ஏது பல்லு?

— தம்பி, நீங்களும் ஒரு கை போடுங்க. ஆட்டி ஆட்டி... ஆட்டுங்க... விட்டுச்சு! வந்துருச்சு.

— முனையை என்கிட்ட காட்டாதீங்க. அவன்கிட்ட காட்டுங்க. மோந்து பாருடா.

— மண்ணுக்கா.

— மோந்து பாத்துட்டுச் சொல்லு.

— ...தேக்கு.

— சத்தமாச் சொல்லு.

— தேக்குக்கா. ஊறிப் போன தேக்குப் பட்டை. புளிச்ச வாடை அடிக்குது.

— தேக்கா? கீழயா? நான் அன்னைக்கும் இதே ஆழத்துல... அடக் கடவுளே. கெட்டி மண்ணுன்னு நினைச்சேனேம்மா.

— நினைக்கத்தான் செய்வீங்க. வேற எந்த எடமா இருந்தாலும் அது கெட்டி மண்ணாத்தான் இருந்திருக்கும். தூளு மேல வண்டி போனா சக்கரம் அமுங்குதுன்னு, எங்க அப்பா அறுத்துக் கழிச்ச பட்டைக் கட்டையை எல்லாம் வரிசையா பரப்பினாரு. பாய் விரிச்ச மாதிரி. அதுக்கு மேல மண்ணைப் போட்டு மூடினாரு. மரம் அறுக்கிறவன் பள்ளத்தை மரத்தாலதான் மூடுவான். நீங்க அன்னைக்கு அடிச்சதும் கட்டை, இன்னைக்கு அடிச்சதும் கட்டை.

— கட்டை மேல ஊத்தினா மட்டும் என்னக்கா? கட்டை தாங்காதா?

— மேஸ்திரி, கம்பியை ஒரு சாண் தள்ளி வைங்க. ரெண்டு கட்டைக்கு இடையில. சம்மட்டி வேண்டாம், கையால அழுத்துங்க.

— கையாலயாம்மா?

— கையாலதான்.

— ...போகுது. தம்பி, இங்க பாருங்க. கையால போகுது. நான் அழுத்தவே இல்ல, அதுவா போகுது. ஐயோ, கம்பி முழுசும் போயிடும் போல இருக்கு, பிடிங்க, பிடிங்க!

— இன்னொரு கம்பி இருந்தா அதையும் விட்டுப் பாருங்க.

— வேணாம்மா. பாத்தது போதும். என் தொழில்ல நான் இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. தம்பி, நான் இந்தக் குழியில ஊத்த மாட்டேன்.

— மேஸ்திரி! அவ சொல்றான்னு நீங்களுமா?

— கம்பி சொல்லுது தம்பி. அந்தக் கட்டை எல்லாம் மக்கிக்கிட்டு இருக்கு. இன்னைக்குத் தாங்கும், அடுத்த மழைக்குத் தாங்கும், அப்புறம் ஒரு நாள் பொத்துன்னு விடும். இந்தப் பக்கம் மட்டும் இறங்கும். அந்தப் பக்கம் அப்படியே நிக்கும். அம்மா சொன்னாங்களே, முறுக்கும்னு. அதான்.

— அகலமா வெட்டலாம். கம்பியை ரெண்டு மடங்கு போடலாம். படகு மாதிரி அகலமா ஊத்தினா...

— படகுக்குக் கீழ தண்ணி தம்பி. தண்ணி மக்காது. தூளு மக்கும்.

— அப்ப தூளை வாரி வெளிய போடுங்க! பள்ளத்தைப் பூரா தோண்டி எடுத்துட்டு, அடியிலேர்ந்து ஜல்லி போட்டு இறுக்கிக்கிட்டு வாங்க. மழைக்கு இன்னும் நாள் இருக்கு.

— தோண்டலாம். பக்கத்து ஆள் சுவரு எங்க நிக்குது பாத்தீங்களா? பள்ளத்தோட விளிம்புல. நாம ஆழமா தோண்டினா அந்தச் சுவரு நம்ம குழிக்குள்ள வந்து படுக்கும். வேலை செய்யிற ஆளு மேல படுக்கும். என் ஆளுங்களை நான் அதுக்குள்ள இறக்க மாட்டேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி.

— கேட்டியாடா?

— கேட்டேன். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாரும் சேர்ந்துக்கிட்டு... சரி. வேற மேஸ்திரியைக் கூப்பிடுறேன்.

— கூப்பிடு. அவருக்கும் இதே பதில்தான். நான் இங்கேயேதான் உட்காந்திருப்பேன். சோத்தை இங்க கொண்டாரச் சொல்லு, தலைகாணியை இங்க கொண்டாரச் சொல்லு. மழை வந்தா ஒரு சாக்கைப் போத்திக்கிறேன். என்னைத் தாண்டி இதுல ஒரு சட்டி காங்கிரீட்டு விழாது.

— ஏங்கா இப்படி என் மானத்தை வாங்குற? தெருவுல போறவன் எல்லாம் நின்னு பாக்குறான்.

— பாக்கட்டும். நாளைக்குக் கொட்டகை சரிஞ்சு உன்னைத் தூக்கிக்கிட்டுப் போறப்ப நின்னு பாக்குறதுக்கு, இன்னைக்கு என்னைப் பாத்துட்டுப் போகட்டும். எனக்குன்னு யாரு இருக்கா? அந்த வீட்டுக்காரனா இருக்கான்? உன் மேல ஒரு தகடு விழுந்தா நான் அப்புறம் யாருகிட்டடா சண்டை போடுவேன்?

— லாரிக்காரரு ஹாரன் அடிக்கிறாரு தம்பி. இனி வெச்சிருந்தா டிரம்முக்குள்ள இறுகிடும். ஒண்ணு சொல்றேன், பக்கத்துல என் இன்னொரு வேலை நடக்குது, மதில் சுவருக்குக் குழி வெட்டிப் போட்டிருக்கு. லாரியை அங்க அனுப்பிடட்டுமா? வீணாகாது. நீங்க தலையாட்டினா போதும்.

— அனுப்புங்க.

— நல்லது. ஏம்ப்பா! மதில் வேலைக்கு ஓட்டுப்பா! நான் பின்னாடியே வர்றேன்னு சொல்லு!

— போயிடுச்சா லாரி? வாசலைத் தாண்டட்டும். ...தாண்டிடுச்சா? ஹும். இப்ப கையைக் கொடு, எந்திரிக்கிறேன். காலு மரத்துப் போச்சு.

— நானா வந்து தூக்கணும்? நீதான் தூணாச்சே. அங்கேயே நில்லு.

— கொடுடா கையை. ...மெல்ல. ஆ! இந்தக் கம்பி... சேலையைக் கிழிச்சிருச்சு பாரு.

— தெச்சுக்கோ.

— தெச்சுக்குவேன். இப்ப சொல்லு. ஏன் இந்த மூலை?

— என்ன ஏன்?

— இவ்வளவு பெரிய முற்றத்துல சூளைப் பள்ளத்தைத் தேடிப் போயி வெச்சிருக்கியே, ஏன்? ரோட்லேர்ந்து பாத்தாத் தெரியணும்னா?

— இல்ல.

— உன் பொண்டாட்டி சொன்னாளா? அடுப்பங்கரையில தூசி வருதுன்னு?

— அவளை ஏன் இழுக்குற? அவ ஒண்ணும் சொல்லல.

— அப்ப முன்னாடி போட்டிருக்கலாமே.

— முன்னாடி மர லாரி எங்க திரும்பும்? உன் தலை மேலயா?

— அப்ப ஏன்டா? வாயைத் திற. நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து, ஒரு வார்த்தை சொல்லாம, திருட்டுத்தனமா வெட்டியிருக்க. இது அவசரம் இல்ல, என்னவோ இருக்கு.

— ஒண்ணும் இல்லக்கா. விட்டுடேன்.

— நான் பொதுவா சொல்றேம்மா...

— மேஸ்திரி, நீங்க சும்மா இருங்க.

— அவரை ஏன்டா அடக்குற? மேஸ்திரி, பொதுவா வேண்டாம், இந்த ஒரு தடவை குறிப்பாச் சொல்லுங்க. நீங்க வந்த முதல் நாள் என்ன நடந்துச்சு?

— முதல் நாளே தம்பிகிட்ட வேற எடம்தாம்மா காட்டினேன். பள்ளத்தோட கரையைத் தாண்டி அந்தப் பக்கம். சூளைக்காரன் மண்வெட்டி படாத மண்ணு. கடப்பாரை போட்டாப் பொறி பறக்குது. ரெண்டு காலும் அதுல ஊணலாம். எந்தக் காத்துக்கும் அசையாது. இந்த முற்றத்துல கெட்டித் தரைன்னா அது ஒண்ணுதான். தம்பி முடியாதுன்னுட்டாரு. ஏன்னு கேட்டேன், அன்னைலேர்ந்து பல நாள் என்கூட முகம் கொடுத்தே பேசல.

— மேஸ்திரி!

— இருடா. ஏன் முடியாதுன்ன? கரைக்கு அந்தப் பக்கம் நல்ல தரை இருக்குன்னா அதை விட்டுட்டு இங்க ஏன் வந்து... அங்க என்ன இருக்கு? அங்க ஒண்ணும் இல்லையே, என்னோட... டேய்.

— ஆமாக்கா. உன் ரூம்தான். அதை இடிச்சிட்டு அங்க கொட்டகை போடலாம்னாரு மேஸ்திரி. நீ ஊர்ல இருந்திருந்தா உன்கிட்டயும் சொல்லியிருப்பாரு, நீயும் கடப்பாரையை எடுத்துக்கிட்டு முத ஆளா போயிருப்ப, எனக்குத் தெரியாதா உன்னை? அதான் நீ வர்றதுக்குள்ள ஊத்தி முடிச்சுடணும்னு பறந்தேன். பெட்டியோட வந்து நின்னவ, நீயே கதவு செஞ்சு, நீயே மாட்டி, உள்ளேர்ந்து தாப்பாள் போட்டுக்கிட்டுப் படுத்த ரூம்க்கா அது. உன்னை ஒரு வீட்ல வெளிய போன்னு சொன்னது போதும். தேக்கு நனையட்டும், தகடு துருப்பிடிக்கட்டும், நீ எந்தக் குழியில வேணாலும் போயி உட்காரு. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அந்த ரூம் மேல ஒரு கடப்பாரை படாது.